செத்துப்போன பீரை எழுப்புறது எப்படி? ஒரு பேரோட 130 வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நம்ம ஊர் தியேட்டர்ல ஹீரோ கையில கிளாஸை எடுத்த உடனே ஸ்கிரீன் மூலையில ஒரு எச்சரிக்கை வரும்ல, அது இந்த எபிசோட் முழுக்க ஓடிக்கிட்டே இருக்கிறதா நினைச்சுக்கோங்க. இன்னைக்குப் பேசப்போறது பீரைப் பத்தி. குடிக்கிறதைப் பத்தி இல்ல. ஒரு பேரைப் பத்தி.

நான் இந்தக் கதைக்குள்ள வந்தது 'ஜாஸ்' படம் வழியா. ஸ்பீல்பெர்க் எடுத்தது, 1975. அதுல சுறா பிடிக்கிற குவின்ட்னு ஒரு முரட்டு ஆள் வருவார். படகுல நின்னுக்கிட்டு ஒரு கேன் பீரை ஒரே மூச்சுல குடிச்சிட்டு, கேனை ஒத்தைக் கையில நசுக்குவார். எதிர்ல உட்கார்ந்திருக்கிற படிச்ச பையன், ஹூப்பர், தன் கையில இருக்கிற தெர்மாகோல் கப்பை அதே கெத்தோட நசுக்குவான். செம காமெடி. மூணாவது தடவை பார்க்கும்போதுதான் அந்த கேன்ல என்ன எழுதியிருக்குன்னு கவனிச்சேன். நாரகான்செட்.

கூகுள் பண்ணேன். அது அமெரிக்காவோட ரோட் ஐலண்ட் மாநிலத்து பீர். நாட்டிலேயே சின்ன மாநிலம், நம்ம ஒரு மாவட்டம் அளவுதான் இருக்கும். படம் வந்து ஆறு வருஷத்துல, 1981-ல, அந்த ப்ரூவரியை மூடிட்டாங்க. கட்டடத்தை 1990-கள் கடைசியில இடிச்சாங்க. இப்போ அங்க ஷாப்பிங் வளாகம் இருக்கு. ஆனா பீர் இன்னைக்கும் கடையில கிடைக்குது, அதே பேர்ல. குவின்ட் நசுக்கின அந்த 1975 டிசைன் கேனையே மறுபடி அச்சடிச்சு விக்கிறாங்க.

எனக்கு ஓடின கேள்வி இதுதான்: ஆலை இல்ல, ஆட்கள் இல்ல, பழைய முதலாளி இல்ல. அப்போ திரும்பி வந்தது என்ன?

இந்தக் கேள்வி நமக்கும் புதுசு இல்ல. கேம்பா கோலா ஞாபகம் இருக்கா? நம்மள்ல பல பேர் பிறக்கிறதுக்கு முன்னாடி பெருசா இருந்து காணாமப்போன கூல்டிரிங்க். 2022-ல ரிலையன்ஸ் அந்தப் பேரை வாங்கி, 2023-ல மறுபடி கடைக்குக் கொண்டு வந்தாங்க. நான் ஒரு பாட்டில் வாங்கி எங்க அம்மாகிட்ட கொடுத்தேன். ஒரு வாய் குடிச்சிட்டு, "அப்போ இருந்த மாதிரி இல்லடா"ன்னாங்க. "அப்போ எப்படிம்மா இருந்துச்சு?"னு கேட்டேன். பதில் ருசியைப் பத்தி வரலை. எங்க பெரிய மாமா கல்யாணத்தைப் பத்தி வந்தது, பந்தலுக்குப் பின்னாடி ஐஸ் போட்ட டிரம்முல பாட்டில் மிதந்ததைப் பத்தி வந்தது.

செத்த ப்ராண்டை வாங்குறவன் காசு கொடுக்கிறது அந்த டிரம்முக்குத்தான். திரவத்துக்கு இல்ல.

சரி, நாரகான்செட்டுக்கு வருவோம். 1890-ல ஆறு ஜெர்மானியக் குடியேறிகள் சேர்ந்து ஆரம்பிச்சாங்க. இடம் கிரான்ஸ்டன், மாநிலத் தலைநகர் பிராவிடன்ஸை ஒட்டின ஊர். 1920-லேர்ந்து 1933 வரைக்கும் நாடு முழுக்க மதுவிலக்கு. அந்தப் பதிமூணு வருஷத்துல அமெரிக்காவுல ஏகப்பட்ட ப்ரூவரிங்க காலி. இவங்களும் நாக்குத் தள்ளித்தான் கரை சேர்ந்தாங்க. அப்போ உள்ள வந்தவர் ருடால்ஃப் ஹாஃபன்ரெஃபர். இவருக்கு ஒரு விசித்திரமான பழக்கம், செவ்விந்தியப் பொருட்களைச் சேகரிக்கிறது. அந்தச் சேகரிப்பு இன்னைக்கு பிரவுன் பல்கலைக்கழகத்துல அவர் பேர்லயே ஒரு மானுடவியல் அருங்காட்சியகமா இருக்கு.

அவர் தன் பீருக்கு விளம்பரம் வரையக் கூப்பிட்டது யாரை தெரியுமா? டாக்டர் சூஸ். 'தி கேட் இன் த ஹேட்' எழுதினாரே, அவரேதான். அப்போ குழந்தைப் புத்தகத்துல அவ்வளவு பெரிய ஆள் ஆகலை. விளம்பரப் படம் வரைஞ்சுதான் சம்பாதிச்சுக்கிட்டு இருந்தார். அவர் உருவாக்கின சின்னம் பேரு 'சீஃப் கான்செட்'. அந்தக் காலத்துச் சுருட்டுக்கடை வாசல்ல மரத்துல ஒரு செவ்விந்தியர் பொம்மை நிக்கும், அது மாதிரி ஒரு கேலிச் சித்திரம். இந்தப் படத்துக்கு நான் திரும்ப வருவேன், மறந்துடாதீங்க.

1950-கள் இவங்களோட பொற்காலம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் ஆட்டத்துக்கு இவங்கதான் ஸ்பான்சர். வர்ணனையாளர் கர்ட் கௌடி ரேடியோவுலயும் டிவியிலயும் "ஹாய் நெய்பர், ஹாவ் எ கான்செட்"னு சொல்லுவார். 'வாங்க பக்கத்து வீட்டுக்காரரே, ஒரு கான்செட் சாப்பிடுங்க'ங்கிற தொனி. பக்கத்து வீட்டுக்காரர்ங்கிற அந்த வார்த்தையை கவனிங்க. நாங்க பெரிய கம்பெனி இல்ல, உங்க தெருவுல இருக்கிறவங்கன்னு சொல்ற விளம்பரம். நியூ இங்கிலாந்துன்னு சொல்ற அந்த ஆறு மாநிலங்கள்லயும் அதிகமா வித்த பீர் இதுதான். வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரலுக்கு மேல. ஒரு அமெரிக்க பேரல் கிட்டத்தட்ட 117 லிட்டர், அப்போ கணக்குப் போட்டுக்கோங்க.

இவ்வளவு ஜோரா போன கம்பெனி எப்படி விழுந்தது? இங்க கொஞ்சம் நிதானமா போகலாம். இந்த இடம் புரிஞ்சாதான் திரும்பி வந்த கதை புரியும்.

பீர் கனமான பொருள், சீக்கிரம் கெடும். அதனாலதான் ஒரு காலத்துல ஊருக்கு ஒரு ப்ரூவரி இருந்தது. நம்ம ஊர்ல ஊருக்கு ஒரு சோடா கம்பெனி இருந்த மாதிரி. அப்புறம் நல்ல நெடுஞ்சாலை வந்தது, குளிர்சாதன வண்டி வந்தது, டிவி விளம்பரம் வந்தது. நாடு முழுக்க விக்கிறவனுக்கு டிவி விளம்பரம் ஒரு பாட்டிலுக்குச் சில்லறைக் காசுதான். ஆறு மாநிலத்துல விக்கிறவனுக்கு அது கழுத்தை நெரிக்கிற செலவு. நியூ இங்கிலாந்துல ஆலை வச்சிருந்த பீர் கம்பெனிகள் 1935-ல 32. 1957-ல 11. 1964-ல வெறும் 6.

இந்த எண்கள் எனக்கு எங்க கிடைச்சதுங்கிறது சுவாரசியம். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புல இருக்கு. 1965-ல நாரகான்செட்டை ஃபால்ஸ்டாஃப்னு செயின்ட் லூயிஸ் கம்பெனி வாங்கினாங்க. நாட்டிலேயே நாலாவது பெரிய பீர் கம்பெனி அது, ஆனா நியூ இங்கிலாந்துல ஒரு பாட்டில் கூட வித்தது இல்ல. அரசாங்கம் வழக்குப் போட்டது: இந்த வியாபாரம் போட்டியைக் குறைக்கும், அனுமதிக்கக் கூடாதுன்னு.

இங்கதான் ஒரு அருமையான வாதம். 'ஃபால்ஸ்டாஃப் இங்க விக்கவே இல்லையே, அப்புறம் எப்படிப் போட்டி குறையும்?'னு கேட்கலாம். அதுக்குப் பதில் இதுதான்: ஒரு தெருவுல நாலு மளிகைக்கடை இருக்கு. தெரு முனையில ஒரு பெரிய கடைக்காரன், 'நாமளும் இங்க கடை போடலாமா'ன்னு நோட்டம் விட்டுக்கிட்டு நிக்கிறான். அவன் அங்க நிக்கிறதுனாலயே நாலு பேரும் விலையை ஏத்தப் பயப்படுவாங்க. அவனே ஒரு கடையை வாங்கி உள்ள வந்துட்டா முனையில நிக்கிற ஆள் காணோம், பயமும் போச்சு. 1973-ல உச்ச நீதிமன்றம், இதைக் கீழ் கோர்ட் சரியா பரிசீலிக்கலைன்னு வழக்கைத் திருப்பி அனுப்பிச்சது. இன்னைக்கும் சட்டம் படிக்கிறவங்க போட்டிச் சட்டத்துல இந்த வழக்கைப் படிக்கிறாங்க.

கடைசியில என்ன ஆச்சுன்னு கேட்டா, திரும்பிப் போன வழக்கு கீழ் கோர்ட்லயே தள்ளுபடி. வாங்கினது வாங்கினதுதான்.

1975-ல ஃபால்ஸ்டாஃப்பே தள்ளாட ஆரம்பிச்சப்போ, பால் கல்மனோவிட்ஸ்னு ஒருத்தர் அதைக் கைப்பற்றினார். நொடிஞ்ச ப்ரூவரியா பார்த்து வாங்குறது, விளம்பரத்தை நிறுத்துறது, ஆட்களைக் குறைக்கிறது, ஒவ்வொரு ஆலையா மூடி தயாரிப்பை ஒரே இடத்துக்கு மாத்துறது. இதுதான் அவரோட பாணி. பேர் மட்டும் மிஞ்சும். கிரான்ஸ்டன் ஆலை 1981-ல மூடினாங்க. நாரகான்செட் தயாரிப்பு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கிற இண்டியானா மாநிலத்து ஃபோர்ட் வேய்னுக்குப் போச்சு. 1985-ல கல்மனோவிட்ஸ் பாப்ஸ்ட் கம்பெனியையும் வாங்க, நாரகான்செட் பேரு அந்தப் பெட்டிக்குள்ள போய் விழுந்தது.

இதுக்கப்புறம் வந்த இருபது வருஷம்தான் எனக்கு ரொம்ப விநோதமா படுது. பீர் முழுசா சாகலை. அங்கங்க கொஞ்சமா, மலிவா, யாரும் கண்டுக்காம வந்துக்கிட்டு இருந்தது. அமெரிக்க ட்ரேட்மார்க் சட்டப்படி தொடர்ந்து மூணு வருஷம் ஒரு பேரைப் பயன்படுத்தலைன்னா, அதைக் கைவிட்டுட்டீங்கன்னு அனுமானிப்பாங்க. அப்புறம் யார் வேணாலும் எடுத்துக்கலாம்னு வாதாட முடியும். அதனால பழைய பேருங்களைப் பெட்டி நிறைய வச்சிருக்கிற கம்பெனிக்கு எதையும் அடியோட நிறுத்துறதுல லாபம் இல்ல; கொஞ்சமாவது ஓட விட்டாதான் பேரு கையில நிக்கும். நாரகான்செட் குத்துயிரும் குலையுயிருமா கிடந்தது.

2005-ல மார்க் ஹெலன்ட்ரங் வந்தார். ரோட் ஐலண்டுக்காரர். நான்டக்கெட் நெக்டார்ஸ்ங்கிற ஜூஸ் கம்பெனிக்குத் தலைவரா இருந்தவர். பீர் காய்ச்சத் தெரியாது, பாட்டில்ல அடைச்ச ஒரு பானத்தை எப்படிக் கடைக்குள்ள கொண்டுபோறதுன்னு நல்லாத் தெரியும். சில முதலீட்டாளர்களோட சேர்ந்து பாப்ஸ்ட்கிட்ட இருந்து பேரை வாங்கினார்.

வாங்கியாச்சு. இப்போ பீர் வேணுமே?

பழைய ஆலையில தலைமை ப்ரூமாஸ்டரா இருந்தவர் ஒருத்தரைக் கூப்பிட்டு, பழைய லாகரோட செய்முறையைச் சரிபண்ண உட்கார்ந்தாங்க. இதுக்கு நடுவுல ஒரு சின்ன கெமிஸ்ட்ரி கிளாஸ். பீர்ல ரெண்டு பெரிய குடும்பம்: ஏல், லாகர். ஏல் ஈஸ்ட்டுக்கு நம்ம ஏசி ரூம் மாதிரி 18-லேர்ந்து 22 டிகிரி போதும், ரெண்டு மூணு வாரத்துல வேலை முடியும். லாகர் ஈஸ்ட் 8-லேர்ந்து 13 டிகிரியில மெதுவா நொதிக்கும். அப்புறம் இன்னும் குளிர்ல சில வாரம் சும்மா கிடக்கணும். அப்போதான் அந்தத் தெளிவான, மொறுமொறுன்னு இருக்கிற ருசி வரும். கிராஃப்ட் ப்ரூவரிங்க பெரும்பாலும் ஏல் பக்கம் போறதுக்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான். டேங்க் சீக்கிரம் காலியாகும், அடுத்த பேட்ச் போடலாம். ஏதாவது சின்னத் தப்பு நடந்தாலும் ஹாப்ஸை அள்ளிப்போட்டு மறைச்சிடலாம். லைட்டான லாகர்ல மறைக்க இடமே இல்ல. ரசத்துல பருப்புப் போடாம வச்சா உப்பு ஒரு கல்லு கூடினாலும் தெரியும்ல, அது மாதிரி.

இப்போ கணக்கு. ஒரு சின்ன கிராஃப்ட் ப்ரூவரியில 30 பேரல் டேங்க் ஒண்ணு இருக்குன்னு வச்சுக்குவோம். ஒரு பேரல்ல 16 அவுன்ஸ் பெரிய கேன் 248 நிரப்பலாம். 30 பேரலுக்கு 7,440 கேன். லாகருக்கு அஞ்சு வாரம்னா அந்த டேங்க் வருஷத்துக்குப் பத்து தடவைதான் சுத்தும். மொத்தம் 74,400 கேன். கேட்க பெருசா இருக்கு. ஆனா நாரகான்செட் லாகர் விலை குறைச்சலான பீர். உழைக்கிறவங்க சாயங்காலம் வாங்குற பீர்ங்கிறதுதான் அதோட அடையாளமே. ஒரு கேன்ல சொற்ப லாபம். 74,400 தடவை சொற்பம்னா, வாடகைக்கே தட்டுத்தடுமாறும். கட்டுப்படியாகணும்னா பழைய கிரான்ஸ்டன் மாதிரி ஒரு ராட்சச ஆலை வேணும். அதுக்குக் கோடிக்கணக்கில் பணம் வேணும். அந்தப் பணம் வரணும்னா முதல்ல பீர் விக்கணும். முட்டையா கோழியாங்கிற கதைதான்.

அதனால ஹெலன்ட்ரங் ரெண்டு தண்டவாளம் போட்டார். பெரிய அளவு லாகரை நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர்ல இருக்கிற ஜெனசீ ப்ரூவரியில கூலிக்குக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். அதுவும் பழைய பிராந்திய ப்ரூவரிதான், எப்படியோ தப்பிப் பிழைச்சது. இன்னொரு பக்கம், உள்ளூர் கிராஃப்ட் ஆட்களைச் சேர்த்துக்கிட்டார். பிராவிடன்ஸ்ல டிரினிட்டி ப்ரூஹவுஸ்னு ஒரு ப்ரூபப் இருக்கு. அங்க காய்ச்சிக்கிட்டு இருந்த ஷான் லார்கின் நாரகான்செட்டுக்காக பாக், போர்ட்டர் மாதிரி சீசன் வகைகளை உருவாக்கிக் கொடுத்தார். லாகர் பணத்தைக் கொண்டுவரும். கிராஃப்ட் வகைகள், 'இவன் வெறும் பேரை வச்சுப் பிழைக்கிறவன் இல்ல'ங்கிற மரியாதையைக் கொண்டுவரும்.

அப்புறம் ஊரோட கை கோத்துக்கிட்ட விதம். ரோட் ஐலண்ட் மாநிலத்துக்குன்னு அதிகாரபூர்வமா ஒரு பானம் இருக்கு. அது 'காபி மில்க்', 1993-லேர்ந்து. பால்ல காபி சிரப் கலந்து ஜில்லுன்னு குடிக்கிறது. நம்ம ஆளுங்க கேட்டா 'இதுக்குப் பேரு கோல்ட் காபி'ம்பாங்க, அவங்க ஒத்துக்க மாட்டாங்க. அந்த சிரப் செய்யுற ஆட்டோகிராட் கம்பெனியோட சேர்ந்து ஒரு மில்க் ஸ்டவுட் பண்ணாங்க. கோடையில தெருவுல வண்டியில விக்கிற டெல்ஸ் லெமனேடோட சேர்ந்து ஒரு ஷாண்டி பண்ணாங்க. பிராவிடன்ஸ்ல பிறந்த திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் பேர்ல ஒரு வரிசையே விட்டாங்க. அவர் வாழ்நாள் முழுக்க ஒரு சொட்டு மது தொடாதவர், மதுவிலக்கை ஆதரிச்சவர்ங்கிறது தனி காமெடி.

இவ்வளவும் சரி. ஆனா முதல்ல இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் கடுப்பாத்தான் இருந்தது. "ஹாய் நெய்பர்"னு கேன்ல போட்டுட்டு பக்கத்து மாநிலத்துல கூலிக்குக் காய்ச்சி வாங்குறது ஏமாத்து இல்லையா? கிரான்ஸ்டன்ல வேலை போன ஆளுக்கு இதுல என்ன கிடைச்சது? மேல சொன்ன டேங்க் கணக்கைப் போட்ட பிறகு என் கோபம் பாதி இறங்கிடுச்சு. மீதிப் பாதி, அடுத்து என்ன பண்ணாங்கங்கிறதைப் பொறுத்து இருந்தது.

ஒப்பிட இன்னொரு கதை, லண்டன்ல. பிரிக் லேன் தெருவுல ட்ரூமன்ஸ்னு ஒரு ப்ரூவரி, வேரு 1666-ல இருக்குன்னு சொல்லிக்கிற அளவுக்குப் பழசு. 1989-ல மூடிட்டாங்க. 2010-ல ரெண்டு இளைஞர்கள் அந்தப் பேரை வாங்கி எழுப்பினாங்க. அவங்களும் ஆரம்பத்துல வேற ப்ரூவரியிலதான் காய்ச்ச வச்சாங்க. 2013-லதான் ஹாக்னி விக்ல சொந்த ஆலை. ஆனா அவங்களுக்கு ஒரு புதையல் கிடைச்சது. இங்கிலாந்துல நாரிச் ஊர்ல தேசிய ஈஸ்ட் சேமிப்பகம் இருக்கு. ஈஸ்ட்டைத் திரவ நைட்ரஜன்ல உறைய வச்சுப் பாதுகாக்கிற வங்கி. 1958-ல ட்ரூமன்ஸ் ஆட்கள் தங்களோட ஈஸ்ட்டை அங்க கொண்டுபோய் டெபாசிட் பண்ணியிருந்தாங்க. கம்பெனி செத்து இருபது வருஷத்துக்கு மேல ஆகியும் அந்த ஈஸ்ட் உயிரோட இருந்தது. எழுப்பிக் கொடுத்தாங்க. வீட்டுல தயிர் உறைக்குப் பாட்டி காலத்து மோரையே தொடர்ந்து வச்சிருக்கிறவங்களுக்கு இந்த சிலிர்ப்பு புரியும்.

ஆனா அப்பவும் அது அதே பீரான்னு கேட்டா, நேர்மையா ஆமான்னு சொல்ல முடியாது. பார்லி ரகம் மாறிப்போச்சு, ஹாப்ஸ் மாறிப்போச்சு, மரப்பீப்பா போய் ஸ்டீல் டேங்க் வந்தாச்சு. 1955-ல ரெட் சாக்ஸ் ஆட்டம் பார்த்துக்கிட்டே கான்செட் குடிச்ச தாத்தாவோட நாக்கும் மாறிப்போச்சு. 'அதே ருசி'ங்கிறதை யாராலயும் நிரூபிக்க முடியாது, யாராலயும் மறுக்கவும் முடியாது. அதனாலதான் ருசியை வச்சு இந்த மாதிரி உயிர்ப்பிப்பை அளக்கிறதை நான் விட்டுட்டேன். இடத்தை வச்சுப் பார்க்கிறேன். திரும்பி வந்தவன் ஊருக்குள்ள வந்தானா, இல்ல ஊர் பேரை மட்டும் சட்டையில போட்டுக்கிட்டானா?

நாரகான்செட் வந்தது. 2017-ல பாட்டக்கெட் ஊர்ல ஒரு பழைய ஆலைக் கட்டடத்துல ஐல் ப்ரூவர்ஸ் கில்ட்னு ஒரு ஏற்பாடு ஆரம்பமாச்சு. பல ப்ராண்டுகள் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே மெஷின்களைப் பகிர்ந்துக்கிட்டு காய்ச்சுற இடம். அங்க நாரகான்செட் காய்ச்சினாங்க. 1981-க்கு அப்புறம் மாநிலத்துக்குள்ள மறுபடி வழக்கமான காய்ச்சல். அதுக்கப்புறம் 2021-ல, பிராவிடன்ஸ் ஃபாக்ஸ் பாயின்ட் பகுதியில, தண்ணிக்குப் பக்கத்துல, சொந்தமா ஒரு ப்ரூவரி திறந்தாங்க. பேரை வாங்கி பதினாறு வருஷம் கழிச்சு. அங்க சின்ன பேட்ச்கள், புது வகைகள் காய்ச்சினாங்க, ஜனங்க நேரா போய் உட்கார்ந்து குடிச்சாங்க. பெரிய அளவு லாகர் இன்னும் ராச்செஸ்டர்லதான் தயாராகுது. மறைக்கிறது இல்ல, கேன்லயே போட்டிருக்கும்.

என்னைக் கேட்டா, இது முழு கடன் அடைப்பு இல்ல, வட்டியோட ஒரு பெரிய தவணை. பழைய ஆலையோட கணக்குல பார்த்தா ஃபாக்ஸ் பாயின்ட் ஒரு துளி. ஆனா பதினாறு வருஷமும் அந்தத் தவணையைக் கட்டணும்னு யாரும் அவரை வற்புறுத்தலை. ராச்செஸ்டரோடயே நிறுத்தியிருந்தா லாபம் இன்னும் கூடுதலா இருந்திருக்கும்.

டாக்டர் சூஸ் படத்துக்குத் திரும்ப வரேன்னு சொன்னேன்ல.

நாரகான்செட்ங்கிறது பீருக்கு முன்னாடி, விரிகுடாவுக்கு முன்னாடி, ஒரு பழங்குடி மக்களோட பேரு. ஆயிரக்கணக்கான வருஷமா அந்த மண்ணுல இருக்கிறவங்க. 1880-ல ரோட் ஐலண்ட் சட்டமன்றம் அவங்களோட பழங்குடி அதிகாரத்தையே கலைச்சு ஒரு சட்டம் போட்டது. இனி அப்படி ஒரு தனிக் குழு இல்லைன்னு. அது நடந்து பத்து வருஷத்துல, 1890-ல, அந்தப் பேரு ஒரு பீர் கம்பெனியோட போர்டுல ஏறிச்சு. ஐம்பது வருஷம் கழிச்சு அந்த மக்களை நினைவூட்டுற மாதிரி இருந்தது ஒரு சுருட்டுக்கடை பொம்மை கார்ட்டூன்தான்.

அந்த மக்கள் எங்கயும் போகலை. விடாம கேட்டுக்கிட்டே இருந்தாங்க. 1978-ல நில வழக்கு ஒண்ணு சமரசமாகி 1,800 ஏக்கர் அவங்க பக்கம் திரும்பிச்சு. 1983-ல அமெரிக்க மத்திய அரசு நாரகான்செட் பழங்குடியை அதிகாரபூர்வமா அங்கீகரிச்சது. கிரான்ஸ்டன் ஆலையை மூடி ரெண்டே வருஷத்துல. பீர் தன் ஊரை இழந்த அதே சமயத்துல, அந்தப் பேரோட உண்மையான சொந்தக்காரங்க தங்களோட பேரைச் சட்டப்படி திரும்ப வாங்கினாங்க.

பேரு யாரோடதுன்னு ட்ரேட்மார்க் ஆபீஸ்ல கேட்டா ஒரு பதில் வரும். கிரான்ஸ்டன்ல அப்பா வேலை பார்த்த ஒருத்தர்கிட்ட கேட்டா வேற பதில் வரும். அந்த 1,800 ஏக்கர்ல வாழுறவங்ககிட்ட கேட்டா இன்னொரு பதில். கேன்ல ஒரே பேருதான்.

எங்க அம்மா கேம்பா பாட்டிலை முழுசா குடிக்கலை. மீதியை ஃபிரிட்ஜ்ல வச்சாங்க, ரெண்டு நாள் கழிச்சு கேஸ் போய் சப்புன்னு ஆயிடுச்சு, கொட்டிட்டோம். பாட்டிலை மட்டும் கழுவி தண்ணி ஊத்தி வச்சிருக்காங்க.

உங்க ஊர்ல மூடிப்போன சோடா கம்பெனி, பிஸ்கட் கம்பெனி, ஐஸ் ஃபேக்டரி ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. பேரு, எந்தத் தெரு, இப்போ அந்த இடத்துல என்ன இருக்கு, இது மூணும் போதும். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.